அக்காவின் கையெழுத்து நிலுவையில்

கண்ணாடிக்காரருக்கு யாரிடமும் 'முடியாது' என்று சொல்ல வராது. அதை நல்ல குணம் என்று நான்கு பேர் சொல்லலாம். அந்த நான்கு பேரும் அவரிடம் வேலை வாங்கியவர்களாக இருப்பார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்காரவைப்பது அவர் வேலை. முன்னால் நிற்கும் விற்பனைப் பெண் யாருக்கோ 'இன்னைக்கே கிடைச்சுடும் சார்' என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கதவோரம் வந்து நின்று சிரித்தால் போதும். இவர் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிவிட்டு மெஷினைப் போட்டுவிடுவார்.

அதனால்தான் வீட்டு ஏஜென்ட் அவரை வீட்டில் போய்ப் பார்க்காமல் கடையில் வந்து பிடித்தான். எதற்கெடுத்தாலும் 'ரெண்டே நிமிஷம்' என்று சொல்வதால் கட்டடத்தில் அவனுக்கு ரெண்டு நிமிஷம் என்றே பேர். இப்போது அந்தப் பேரைச் சொல்லிச் சிரிக்க அங்கே ஆள் இல்லை. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று ஒவ்வொரு குடும்பமாகச் சாமானைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. மூன்றாம் மாடியில் கண்ணாடிக்காரர் மட்டும் மிச்சம்.

"பேப்பரே கிடையாது சார் இப்பல்லாம். வீட்டைத் திருப்பிக் கொடுக்கிறோம்னு எழுதியிருக்கு, அவ்வளவுதான். போன்லயே விரலால ஒரு இழுப்பு. ரெண்டே நிமிஷம்."

"அது எங்க அம்மா எடுத்த வீடு..." என்று இழுத்தார்.

"வாடகைக்குத்தானே சார் எடுத்தாங்க?"

விற்பனைப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் பரிசோதனைக்கு வந்த ஒரு கிழவர்கூட என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்த்தார். இவர் விரலை நீட்டினார். பேனாவில் போட்டால் அச்சுக் கோத்த மாதிரி விழும் கையெழுத்து, கண்ணாடித் திரையில் வழுக்கி மண்புழு மாதிரி நெளிந்தது. இது செல்லாது என்று போன் சொல்லிவிடும் என்று ஒரு நப்பாசை இருந்தது. போனுக்கு என்ன ரசனை வாழ்கிறது? 'நன்றி' என்று சொல்லி வாங்கிக்கொண்டது.

ஆனால் அவர் அவ்வளவு அப்பாவியும் இல்லை. அவர் துணிந்து விரல் வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த வீட்டின் ஒப்பந்தம் இரண்டு பேர் பெயரில் இருக்கிறது: இவர், இவருடைய அக்கா. "நாளைக்கு ஒருத்தரை ஒருத்தர் வெளிய தள்ளிடக் கூடாது. விடுறதா இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து விடுங்க" என்று அம்மா அந்தக் காலத்திலேயே அப்படி எழுதவைத்திருந்தாள். அக்கா கையெழுத்துப் போடாமல் எதுவும் நடக்காது. அக்கா போட மாட்டாள். தம்பி கிழக்கே போனால் மேற்கே போகிறவள் அவள். தம்பி வீட்டை விடச் சம்மதித்துவிட்டான் என்று கேள்விப்பட்டால், அந்த ஒரு காரணத்துக்காகவே விட மாட்டேன் என்பாள். தன்னால் சொல்ல முடியாத 'முடியாது'வை அக்கா தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார்.

"அக்கா நம்பர் சொல்லுங்க சார். லிங்க் போயிடும், அவங்க இருக்கிற ஊர்ல இருந்தே போட்டுடலாம். பேரெல்லாம் பெருசா இருக்கு, அக்கா, தம்பின்னே போட்டுடுறேன், யாரு பார்க்கப்போறா." அந்தச் சோம்பேறி வேகமாக எதையோ தட்டினான், ஓரத்தில் இருந்த கட்டத்தில் ஒரு டிக் போட்டான், போய்விட்டான்.

அக்கா பேசாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. அம்மா போன கையோடு அம்மாவின் கட்டிலை ஒரு மருத்துவமனைக்கு யாரோ கேட்டார்கள் என்று இவர் தூக்கிக் கொடுத்துவிட்டார். கேட்டால் இல்லை என்று சொல்ல வராதே. லீவு போட்டுவிட்டு, கொஞ்ச நாள் அம்மா படுத்த இடத்தில் படுத்துவிட்டுப் போகலாம் என்று வந்த அக்கா, வெறும் தரையைப் பார்த்தாள். தரையில் கட்டில் கால் பதிந்த அடையாளம் மட்டும் இருந்தது. "இனி உனக்கும் எனக்கும் பேச்சில்ல" என்று சொல்லிவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டாள். ரொம்ப நாள் கழித்து ஒருமுறை இவர் போன் செய்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்க மனமில்லை போலிருக்கிறது என்று இவரும் முறுக்கிக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு அந்த முறுக்கு ஒன்றே அத்தாட்சி.

மறுநாள் காலை இவர் டீ போட்டுக்கொண்டிருந்தபோது போன் 'டிங்' என்றது. 'அக்கா ஆவணத்தைத் திறந்து பார்த்தார்.' கீழே சின்ன எழுத்தில்: 'அக்காவின் கையெழுத்து நிலுவையில் உள்ளது.'

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. பார்த்தாள், போடவில்லை! நினைத்த மாதிரியே நடந்ததில் அவருக்கு ஒரே குஷி. வழிந்த பாலைத் துடைக்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் அக்காவிடமிருந்து வந்த முதல் சேதி இது.

அடுத்த நாளும் அதே நேரத்துக்கு 'டிங்'. அதற்கு அடுத்த நாளும். அக்கா தினமும் திறக்கிறாள், பார்க்கிறாள், போடாமல் மூடிவிடுகிறாள். ஒரு தடவை பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் கோபம் என்று சொல்லலாம். தினமும் வந்து பார்ப்பதற்கு என்ன பேர்? கண்ணாடிக்காரர் லென்ஸ் தேய்த்தபடியே இதை ஆராய்ந்தார். தம்பி தெருவில் நிற்கக் கூடாது என்று அக்கா பிடித்துவைத்திருக்கிறாள். வாயால் சொல்ல ரோஷம் விடவில்லை, அதனால் இப்படி. இந்த முடிவுக்கு வந்த அன்று ஒரு லென்ஸை அளவுக்கு மேல் தேய்த்து வீணாக்கினார். வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படி நடந்ததே இல்லை.

அதற்குப் பிறகு அவருக்குக் காலை என்பது அந்தச் சத்தம்தான். இரவெல்லாம் கட்டடம் வெறிச்சென்று கிடக்கும். ஆள் போன வீடுகளின் கதவுகளைச் சட்டத்தோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மாடிப்படி ஏறும்போது இரண்டு பக்கமும் வாய் திறந்த மாதிரி இருட்டு. தலைக்கு மேல் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள் என்று வருஷக்கணக்கில் எரிச்சல்பட்டவர், இப்போது அந்த இழுப்புச் சத்தம் ஒருமுறை கேட்காதா என்று கூரையைப் பார்த்துப் படுத்திருப்பார். தண்ணீர் மோட்டார் அவர் ஒருவருக்காக ஓடியது. அதற்கே அவருக்குக் கூச்சமாக இருந்தது. காலையில் முகம் கழுவி, தலை வாரி, டீயை ஊற்றிக்கொண்டு போனை மேசைமேல் நிமிர்த்தி வைப்பார். 'டிங்' என்றதும், "வந்துட்டியா?" என்பார். ஒரு விடுமுறை நாளில் சத்தம் வரத் தாமதமாயிற்று. டீ ஆறி ஆடை படிந்துவிட்டது, அவருக்கு உட்காரவே முடியவில்லை. கடைசியில் வந்தபோது, "உடம்புக்கு ஒண்ணும் இல்லயே?" என்று போனிடம் கேட்டார். யாராவது பார்த்திருந்தால் பயந்திருப்பார்கள். பார்க்கத்தான் யாரும் இல்லை.

ரெண்டு நிமிஷம் மறுபடியும் கடைக்கு வந்தான். இந்தத் தடவை சிரிப்பைக் காணோம்.

"உங்க அக்கா பிடியே கொடுக்க மாட்டேங்கிறாங்க சார். நான் கூப்பிட்டாலும் எடுக்கிறதில்ல. நீங்க நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடுங்களேன்."

"சரி" என்றார் கண்ணாடிக்காரர். அவருக்கு அதுதானே வரும்.

ஆனால் அவர் போனது வேறு காரியமாக. நன்றி சொல்லிவிட்டு, இப்படியே இரு, கடைசிவரைக்கும் போட்டுவிடாதே என்று கேட்டுக்கொண்டு வருவதற்காக. வெறுங்கையோடு போகாமல் அக்காவுக்குப் படிக்கிற கண்ணாடி ஒன்று செய்தார். பவர் அவருக்கு மனப்பாடம். அது எந்தக் காலத்துப் பவர், இதற்குள் கண் மாறியிருக்குமே என்பது, ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிற மனிதருக்குத் தோன்றவில்லை. அவர் மனசில் அக்கா விட்டுப் போன வயசிலேயே நின்றிருந்தாள்.

அக்கா வேறு ஊரில் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். துணி மடிக்கிற பகுதிக்கு அவள்தான் மேற்பார்வை. பின்னாலேயே ஊழியர்களுக்கான அறைகள். பஸ்ஸைவிட்டு இறங்கி, விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது சுடுதுணி வாசனை தெருவரைக்கும் அடித்தது. கதவைத் தட்டினார்.

திறந்தவளுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

"செருப்பை அங்க விடு" என்றாள். "உள்ள வந்து உட்காரு. இன்னும் எப்படிடா போடணும் உனக்கு?"

"எதைக்கா?"

"கையெழுத்தைத்தான். ஒண்ணும் தெரியாதவன் மாதிரி கேக்கிறான் பாரு! தினமும் போட்டுத் தொலையறேன், தினமும் திருப்பி அனுப்புற. கோணலா இருக்குன்னா? நான் என்ன பேங்க் மேனேஜரா? விரலால போட்டா அப்படித்தான் வரும்."

கண்ணாடிக்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அறையில் உட்கார வேறு இடமும் இல்லை. ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஜன்னலில் ஒரே ஒரு டம்ளர்.

"நீ... தினமும் போட்டியா?"

"பின்ன? முதல்ல அவசரத்துல போட்டேன். சரியில்லைன்னு திரும்பி வந்துச்சு. மறுநாள் நிதானமா போட்டேன், அதுவும் வந்துச்சு. அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா திருத்திப் போட்டேன். பழகிப் பழகி இப்ப சுமாரா வருது. இன்னைக்குப் போட்டதைப் பார்த்திருந்தா நீயே ஒத்துக்கிட்டிருப்ப. இரு, காட்டுறேன்."

ஏப்ரனில் விரலை நன்றாகத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். திரையின் கீழ்ப்பகுதி கறுப்பாகச் செத்துக் கிடந்தது. மேலே வந்திருந்த சேதியைத் தொட்டாள், ஆவணம் திறந்தது, கட்டம் வந்தது. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி இழுத்தாள். அழகாகத்தான் வந்தது. அது அப்படியே அம்மாவின் கையெழுத்துச் சாயலில் இருந்ததை அவர் பார்த்தார். "பாரு, போட்டாச்சு" என்று சொல்லி, பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கித் திரையை அணைத்துவிட்டாள்.

அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. கையெழுத்துக்குக் கீழே 'அனுப்பு' என்று ஒரு பச்சைப் பட்டன் உண்டு. அவளுடைய போனில் அது அந்தக் கறுப்புப் பட்டைக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. தினமும் போட்டாள், ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. அக்கா பிடித்துவைத்திருக்கிறாள் என்று அவர் கட்டிய கோட்டை முழுக்க இந்தச் செத்த திரையின் மேல் கட்டியது.

"இது எப்ப உடைஞ்சது?"

"அது ஆச்சு பல வருஷம். துணி ஊறுற தொட்டியில விழுந்துடுச்சு. யாராவது கூப்பிட்டா எடுக்க வராது, அடியில தள்ளணும்ல. எழுதவும் வராது. மாத்தணும்னு தோணல. யாரு கூப்பிடப்போறாங்க?"

நான் கூப்பிட்டேனே என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

"இப்ப மாத்தலாம்னு பார்த்தேன்" என்றாள் அக்கா. "கடையில கொடுத்தா நாலு நாள் வெச்சுக்குவானாம். அதான் வேணாம்னுட்டேன். காலைல உன் சேதி வருமே."

"என் சேதியா?"

போனை அவர் பக்கம் திருப்பினாள். ஒன்றின் கீழ் ஒன்றாக, விரலால் தள்ளத் தள்ள, அதே ஒரு வரி: 'தம்பி உங்களுக்காகக் காத்திருக்கிறார்.' ஒவ்வொரு நாள் காலையும். கையெழுத்து வரும்வரை தினமும் நினைவூட்டச் சொல்லி அந்தச் சோம்பேறி போட்டுவிட்டுப் போன டிக் ஞாபகம் வந்தது. அவன் பேர் எழுத அலுத்துக்கொண்டு 'தம்பி' என்று போட்டதும் ஞாபகம் வந்தது. இது மெஷின் அனுப்புவது அக்கா, இதில் ஒரு எழுத்துகூட என்னுடையது இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அக்கா அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வையைக் கண்டு வாயை மூடிக்கொண்டார்.

"நீ அந்த வீட்டை விட்டுப் போகணும்னு தவிக்கிற, நான் குறுக்க நிக்கிறேன்னு ஆகக்கூடாதுன்னுதான் விழுந்து விழுந்து போட்டேன்" என்றாள். "தினமும் காத்துக்கிட்டு இருக்கேன் காத்துக்கிட்டு இருக்கேன்னு சொல்றவன்கிட்ட எத்தனை நாளுக்கு முறைச்சுக்கிட்டு இருக்கிறது?"

"அக்கா, நீ போட மாட்டேன்னு நினைச்சுத்தான் நான் போட்டேன்."

"என்னடா உளர்ற?"

"எனக்கு வீட்டை விட இஷ்டமில்ல. அவன்கிட்ட சொல்ல வரல. நான் போட்டா நீ எப்படியும் மாட்டேன்னுதானே சொல்லுவ."

அக்கா வாயைப் பிளந்தபடி அவரைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். இரைக்க இரைக்கச் சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து எங்கே அழுகை ஆரம்பித்தது என்று தெரியவில்லை, ஏப்ரனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள். இவர் என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்த கண்ணாடியை எடுத்து நீட்டினார். அவள் மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியல" என்றாள். "புகையா இருக்க."

"வேற செஞ்சு கொண்டுவரேன்."

"சரி, இப்ப நேரா சொல்லு. ஒரு தடவையாவது நேரா சொல்லு. போடவா, வேணாமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் அவர் பஸ் ஏறி வந்தது. சொன்னால் அவள் போட மாட்டாள், வீடு இருக்கும். கதவு பெயர்த்த வீடுகளுக்கு நடுவே, கட்டில் இல்லாத அந்த அறை இருக்கும். காலையில் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு யாரை எதிர்பார்ப்பது? தன்னை அந்த வீட்டில் பிடித்துவைத்திருந்தது அக்காவின் பிடிவாதம் என்று நினைத்திருந்தார். அப்படி ஒரு பிடிவாதமே இருக்கவில்லை. காத்திருக்கிறார் என்று யாரோ சொன்னதற்காக ஒருத்தி தினமும் விரலைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

"போடுக்கா" என்றார்.

போனை வாங்கி, ஆவணத்தைத் திறந்து, படுக்கைவாட்டில் சாய்த்துப் பிடித்தார். திரையும் சாய்ந்தது; பச்சைப் பட்டன் கறுப்பிலிருந்து தப்பித்து வெளிச்சத்துக்கு வந்தது. அக்கா கடைசித் தடவையாக எழுத்துக்கு எழுத்து நிறுத்தி இழுத்தாள். பட்டனை அவளே அமுக்கட்டும் என்று காட்டினார். அமுக்கினாள். இவருடைய சட்டைப்பையில் 'டிங்' என்றது. 'ஆவணம் நிறைவடைந்தது.' இரண்டு பேரும் அதைச் சேர்ந்தே பார்த்தார்கள்.

"அப்ப நாளைக்கு வராதா?" என்று கேட்டாள் அக்கா.

"வராது."

"ஓ" என்றாள்.

கிளம்புவதற்கு முன் அவர் அவளுடைய போனில் தன் எண்ணைத் திரையின் மேல் மூலையில் ஒரு சின்னப் படமாக வைத்தார். தொட்டாலே போதும், போய்விடும் என்று காட்டினார். பஸ் வரைக்கும் கூட வந்தாள். "அந்தக் கட்டில் விஷயத்தை மட்டும் மறந்துட்டேன்னு நினைக்காதே" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

மறுநாள் காலை கண்ணாடிக்காரர் முகம் கழுவி, தலை வாரி, டீயை ஊற்றிக்கொண்டு, பழக்கதோஷத்தில் போனை மேசைமேல் நிமிர்த்தி வைத்தார். நேரம் வந்தது, போயிற்று. சத்தம் இல்லை. டீயில் ஆடை படிந்தது. இனி இதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று எழுந்து, தட்டுமுட்டுச் சாமானைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். கடைக்கு மேலே ஒரு அறை காலியாக இருக்கிறது, முதலாளி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அம்மாவின் கட்டில் கிடந்த இடத்தில் உட்கார்ந்து டம்ளர்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது போன் மணி அடித்தது. முழு மணி, விடாமல்.

"எனக்கு ஒண்ணும் வரலடா இன்னைக்கு" என்றாள் அக்கா. குரலில் ஒரு அதட்டல் இருந்தது. "பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். வேலைக்கு நேரமாச்சு, அதான் நானே கேட்டுடலாம்னு. காத்துக்கிட்டு இருக்கியா?"

"இருக்கேன்க்கா" என்றார். "காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."